கழிவிலிருந்து அருமண் காந்தங்கள்: கரைப்பதா, கழற்றுவதா?

வெள்ளவத்தையில் கணினி திருத்தும் கடை நடத்தும் ஒருவர் எழுதியிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆறு ஆண்டுகளாகப் பழுதடைந்த வன்தட்டுகளிலிருந்து கழற்றிய காந்தங்கள் அவரிடம் ஏறத்தாழ 12 கிலோகிராம் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நியோடைமியம் என்னும் விலைமதிப்புள்ள அருமண் உலோகம் இருப்பதை அறிந்து, காணொளிகளில் காட்டுவதுபோல அமிலத்தில் கரைத்து அதைத் தாமே பிரித்தெடுக்கலாமா என்று கேட்கிறார். அடுத்ததாக, இலங்கையில் இதை ஒரு கைத்தொழிலாக வளர்க்க முடியுமா என்கிறார். வடகிழக்குக் கரையிலுள்ள புல்மோட்டையின் மணலிலேயே இந்த மூலகங்கள் இருக்கும்போது கழிவைக் கிளறுவானேன் என்றும் இறுதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். எனக்குப் பட்டவரையில் இம்மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தக் காந்தத்தின் பெறுமதி எதில் இருக்கிறது, அதைக் கெடுக்காமல் எப்படி அடுத்த கைக்கு மாற்றுவது?

நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருள் பொறியியல் படித்தவன். பின்னர் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் காந்த உலோகக் கலவைகளோடு சில ஆண்டுகள் வேலை செய்தேன். கடந்த பதினான்கு ஆண்டுகளாகக் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இலத்திரனியல் கழிவைப் பிரிப்பவர்களுக்கு ஆலோசனை கூறிவருகிறேன். என் கைப்பட்ட அனுபவம் கிராம் கணக்கிலும் கிலோகிராம் கணக்கிலும்தான் உள்ளது. தொன் கணக்கில் இயங்கும் ஆலையை நான் நடத்தியதில்லை. ஆகவே முதலீடு, இலாபம் பற்றி இங்கு நான் கூறுவதை ஓர் உலோகவியலாளனின் கணிப்பாக மட்டுமே கொள்ளவும்.

உங்கள் கையிலுள்ள பொருள் என்னவென்பதிலிருந்து தொடங்குகிறேன். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஜோன் குரோட்டும், ஒருவரையொருவர் சாராமல், நியோடைமியம், இரும்பு, போரன் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு சேர்வையிலிருந்து அதுவரை இல்லாத வலிமையுள்ள நிலைக்காந்தத்தைச் செய்தார்கள். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெறும் இரும்பு. 29 முதல் 32 சதவீதம் வரை அருமண் உலோகங்கள். போரன் ஒரு சதவீதமளவில். அருமண் பங்கில் பெரும்பகுதி நியோடைமியமும் அதன் இரட்டைப் பிள்ளைபோல் கூடவே வரும் பிரசியோடைமியமுமாகும். வெப்பத்தில் வேலை செய்யவேண்டிய காந்தமாயின் டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் சிறிதளவு சேர்ப்பார்கள். ஆக, உங்கள் 12 கிலோகிராமில் அருமண் உலோகம் 3.6 கிலோகிராம் அளவில் இருக்கலாம். மற்றதெல்லாம் பழைய இரும்புக்கடையில் கிடைக்கும் இரும்புதான்.

ஆனால் காந்தத்தின் பெறுமதி இந்த 3.6 கிலோகிராமில் மட்டும் அடங்கிவிடவில்லை என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. கலவையை உருக்கி, மூன்று முதல் ஐந்து மைக்ரோன் அளவுத் தூளாக்கி (தலைமயிரின் தடிப்பில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு), அந்தத் தூளின் ஒவ்வொரு மணியும் ஒரே திசையைப் பார்க்கும்படி வலுவான காந்தப் புலத்தில் வைத்து அழுத்தி, ஏறத்தாழ 1,050 முதல் 1,100 பாகை செல்சியசில் வெற்றிடச் சூளையில் சுட்டு எடுத்திருக்கிறார்கள். நியோடைமியம், இரும்பு, போரன் மூன்றும் சேர்ந்த சேர்வையாலான மணிகளைச் சுற்றி நியோடைமியம் மிகுந்த மெல்லிய படலமொன்று சுவர்போல நிற்கிறது; காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்காமல் இருப்பது பெரிதும் அந்தச் சுவரினால்தான். சுரங்கத்திலிருந்து பிரிப்பாலை, உலோக ஆலை, காந்த ஆலை என்று பல படிகளைத் தாண்டிய உழைப்பு அத்தனையும் அந்த நுண்கட்டமைப்பில் உறைந்திருக்கிறது. அமிலத்தில் இட்டவுடன் அது எல்லாம் கரைந்து, நாம் சுரங்க வாசலுக்கு அடுத்த படிக்குத் திரும்பிவிடுகிறோம்.

இனி அமிலத்தின் கணக்கைப் பார்ப்போம். ஐதரோகுளோரிக் அமிலம் இரும்பையும் அருமண்ணையும் வேறுபாடின்றிக் கரைக்கும். ஆகவே ஒரு பங்கு அருமண்ணுக்காக இரண்டு பங்குக்கு மேல் இரும்பையும் கரைக்க அமிலம் செலவிடவேண்டும். 1 கிலோகிராம் காந்தத்தை முற்றாகக் கரைப்பதற்குச் செறிந்த அமிலம் ஏறத்தாழ இரண்டரை லீற்றர் வேண்டும். அப்போது 370 லீற்றரளவு ஐதரசன் வாயு வெளிவரும். உங்கள் 12 கிலோகிராமுக்கு 30 லீற்றர் அமிலம், 4,400 லீற்றர் ஐதரசன். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஐதரசன் தீப்பற்றக்கூடியது என்பதையும், வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கரைசலிலிருந்து ஒட்சாலிக் அமிலத்தால் அருமண்ணை மட்டும் வீழ்படிவாக்கலாம் என்பது உண்மையே. காணொளியில் காட்டும் அந்த மென்மையான ஊதா நிறப் பொடி பொய்யல்ல. அதைச் சூளையிலிட்டால் நியோடைமிய ஒட்சைட்டு நான்கு கிலோகிராமளவில் உங்களுக்குக் கிடைக்கும். அதனோடு, காந்தத்தின் மேற்பூச்சிலிருந்த நிக்கல் கலந்த, அமிலத்தன்மை மாறாத இரும்புக் குளோரைட்டுக் கரைசல் வாளி வாளியாக மிஞ்சும். அதை ஊற்றுவதற்கு வெள்ளவத்தையில் இருப்பது வாய்க்காலும் கடலும் மட்டுமே. காணொளி அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

ஒட்சைட்டு கிடைத்தபின்னும் அது உலோகமல்ல. அதை உலோகமாக்க, புளோரைட்டு உப்புகளை ஆயிரம் பாகைக்கு மேல் உருக்கி, அதில் ஒட்சைட்டைக் கரைத்து மின்பகுப்புச் செய்யவேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி இன்று சீனாவில் நடக்கிறது. உலகின் அருமண் பிரிப்பில் பத்தில் ஒன்பது பங்களவும், நிலைக்காந்த உற்பத்தியில் அதற்குக் குறையாத பங்கும் அந்த நாட்டிடம் இருப்பது இத்துறையில் எவரும் மறுக்காத செய்தி. நான்கு கிலோகிராம் ஒட்சைட்டை, அதுவும் தூய்மைச் சான்றிதழின்றி, வாங்குவதற்கு உலகில் எவரும் காத்திருக்கவில்லை. ஆகவே முதற் கேள்விக்கு என் விடை தெளிவானது: கரைக்கவேண்டாம்.

இதனால் அமில வழியே பயனற்றது என்று நான் கூறுவதாக எண்ணவேண்டாம். கந்தக அமிலத்தில் கரைத்து, சோடியத்தோடு இணைந்த இரட்டைச் சல்பேற்று உப்பாக அருமண்ணை வீழ்த்தும் முறை பல ஆண்டுகளாக அறியப்பட்டது; ஆலை அளவில், கழிவுநீர்ச் சுத்திகரிப்போடு, அது சரியாகவே இயங்கும். அமெரிக்காவின் ஏம்ஸ் தேசிய ஆய்வுகூடத்தில், அமிலத்துக்குப் பதிலாகச் செப்பு உப்புகளின் கரைசலைப் பயன்படுத்திக் காந்தத்தைக் கரைக்கும் முறையொன்றை உருவாக்கியிருக்கிறார்கள். இரும்பும் அருமண்ணும் கரைய, செப்பு உலோகமாகப் படிந்து மீண்டும் பயன்படும். துருப்பிடித்த காந்தம், அரைத்துப் பொடியான காந்தம், பலவகை கலந்துபோன கழிவு ஆகியவற்றுக்கு இத்தகைய இரசாயன வழியே பொருத்தம். முழுமையாகவும் சுத்தமாகவும் கழற்றிய காந்தத்துக்கு இது தேவையற்ற சுற்றுவழி.

சுத்தமான காந்தத்துக்கான குறுக்குவழி ஐதரசன்தான். அமிலத்தில் வெளிவந்து ஆபத்தாகும் அதே வாயு, இங்கே கருவியாகிறது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரெக்ஸ் ஹாரிஸ் என்பவர் 1970களின் இறுதியிலிருந்து இதை ஆராய்ந்தார். காந்தத்தை மூடிய கலத்தில் வைத்து, அறை வெப்பநிலையில், சில வளிமண்டல அழுத்தத்தில் ஐதரசனை விட்டால், முதலில் நான் மேலே கூறிய நியோடைமியச் சுவர்கள் வாயுவை உறிஞ்சி வீங்குகின்றன. தொடர்ந்து மணிகளும் உறிஞ்சி வீங்குகின்றன. காந்தம் தானாகவே நொறுங்கித் தூளாகிறது. உமி கழன்ற நெல்லைப்போல நிக்கல் பூச்சு மட்டும் செதில்களாகத் தனியே நிற்கும், சல்லடையில் அரித்துவிடலாம். இதில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்றுண்டு: ஐதரசனை ஏற்ற தூள் தன் காந்தப் பிடியை ஏறக்குறைய முற்றாக இழந்துவிடுவதால், எதிலும் ஒட்டாமல் மாவுபோலக் கொட்டும். காந்தத்தைக் கழற்றாமல் வன்தட்டின் அந்தப் பகுதியை வெட்டி அப்படியே கலத்திலிட்டால்கூட இரும்புத் தகடு தகடாகவே இருக்க, காந்தம் மட்டும் உதிர்ந்துவிடும். முதன்முதலில் இதை நேரில் கண்டபோது நான் மாணவன்; உலோகம் ஒன்று சத்தமின்றி, சுத்தியலின்றி உதிர்வதை ஒரு மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தூளிலிருந்து ஐதரசனை வெற்றிடத்தில் வெளியேற்றி, மீண்டும் அரைத்து, புலத்தில் வைத்து அழுத்திச் சுட்டால் மறுபடியும் காந்தம். பேர்மிங்ஹாம் குழுவினர் 2018இல் ஹைப்ரோமாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இதை ஆலை அளவுக்குக் கொண்டுசெல்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நோவியோன் என்ற நிறுவனமும் கழிவுக் காந்தத்திலிருந்து புதுக் காந்தம் செய்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஐபோன் 11இன் அதிர்வுக் கருவியில் மீள்சுழற்சி செய்த அருமண்ணை மட்டுமே பயன்படுத்தியதாக அறிவித்தது. ஆகவே மீள்சுழற்சி தொழில்நுட்ப அளவில் இயலும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் குறுக்குவழிக்கு ஒரு நிபந்தனையுண்டு. ஒவ்வொரு சுற்றிலும் தூள் கொஞ்சம் ஒட்சிசனைக் கவர்ந்துகொள்கிறது. அதனால் சுவர்களாக நிற்கவேண்டிய நியோடைமியத்தில் ஒரு பங்கு ஒட்சைட்டாகி வீணாகிறது. அதை ஈடுசெய்யப் புதிய நியோடைமியம் சில சதவீதம் சேர்க்கவேண்டியிருக்கிறது. துருவேறிய காந்தமாயின் இந்த இழப்பு தாங்கமுடியாததாகிவிடும். மேலும் உள்ளே போடுவது எதுவோ அதுவே வெளியே வரும். வன்தட்டுக் காந்தத்தில் டிஸ்புரோசியம் மிகக் குறைவு. பழைய ஹைபிரிட் கார் மோட்டார்களின் காந்தத்தில் அது 5 சதவீதத்தைக்கூடத் தாண்டியதுண்டு. இரண்டையும் ஒரே கலத்தில் கொட்டினால், மோட்டாருக்கும் உதவாத, வன்தட்டுக்கு வேண்டாத விலையேறிய ஒரு நடுத்தரக் கலவை கிடைக்கும். வகை பிரிக்காத கழிவை ஐதரசன் வழி மன்னிப்பதில்லை.

இங்கேதான் உலகம் தவறியிருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூன் பின்னமன்சும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011இல் அருமண் மூலகங்களில் மீள்சுழற்சிக்கு உட்பட்டது 1 சதவீதத்துக்கும் குறைவு. இரசாயனம் தெரியாததால் இந்த நிலை வரவில்லை. பெரிய நாடுகளில் பழைய இலத்திரனியல் பொருட்களை முழுதாக அரவை இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்குகிறார்கள். நொறுங்கும் தன்மையுள்ள காந்தம் அங்கே பொடியாகி, பக்கத்திலுள்ள இரும்புத் துண்டுகளிலும் இயந்திரத்தின் சுவர்களிலும் ஒட்டிக்கொள்கிறது. பின் அந்த இரும்போடு உருக்காலைக்குப் போய்க் கசடாக மிதந்து, வீதிக்குக் கொட்டும் கல்லோடு கல்லாகிறது. செப்பும் பொன்னும் மீட்கப்பட, இது மட்டும் கணக்கில் வராமலே மறைந்துவிடுகிறது. 2010இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம், வன்தட்டுகளைச் சுழலும் உருளையில் குலுக்கித் திருகாணிகளை இளக்கி, காந்தத்தைப் பிரிக்கும் இயந்திரமொன்றை அறிவித்தது. மணிக்கு நூறு காந்தங்கள் என்பது அதன் அளவு. எவ்வளவு பெரிய நிறுவனமும் இறுதியில் வந்து நின்ற இடம் திருகாணியைக் கழற்றும் வேலைதான் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் அரவை இயந்திரம் இல்லை. வேறொரு வகையில் அதே இழப்பு நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பின் வடபகுதியில் ஒரு பழைய இரும்பு முற்றத்தில் ஹைபிரிட் காரின் மோட்டாரைப் பிரிப்பதைப் பார்த்தேன். கொழும்பின் செல்வந்தர் பகுதியான கறுவாக்காட்டில் ஓடிய காராக இருக்கவேண்டும். மோட்டார் புதிதுபோல இருந்தது. இரண்டு இளைஞர்கள் செப்புச் சுருளை அரைமணி நேரத்தில் மிக நேர்த்தியாக உருவியெடுத்தார்கள். பின்பு நடுவிலிருந்த சுழலியைக் கடப்பாரையால் ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அது இரும்பு விலைக்குப் போகும் குவியலில் விழுந்தது. அந்தச் சுழலியின் தகடுகளுக்குள் ஒரு கிலோகிராமுக்கு மேல் காந்தம் புதைந்திருந்தது. அதில் இருந்த டிஸ்புரோசியத்தைப் போன்ற கனத்த அருமண்களின் மூலப்பொருள் இன்று பெருமளவில் மியன்மாரின் கச்சின் மாநிலத்து மலைகளில் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவி எடுக்கப்படுகிறது. அங்குள்ள ஓடைகளும் வயல்களும் அதற்குக் கொடுக்கும் விலையை நான் அறிந்தவன் என்பதால், அந்தச் சுழலி விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த இளைஞர்களைக் குறைகூறுவதற்கில்லை. உள்ளே காந்தம் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அதை வாங்க ஆளில்லை என்பதும் தெரியும்.

இதிலிருந்து இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இலங்கையில் காந்த ஆலை வைக்கலாமா? மேசைக் கணினியின் வன்தட்டு ஒன்றில் 10 முதல் 20 கிராம் வரை காந்தம் உண்டு. மடிக்கணினியின் தட்டில் இரண்டு மூன்று கிராம்தான். 15 கிராம் என்று கொண்டால், 1 தொன் சேர்ப்பதற்கு ஏறத்தாழ 67,000 தட்டுகள். இத்துறையில் சிறியதென்று கருதத்தக்க, ஆண்டுக்கு 100 தொன் ஆலைக்கு 67 இலட்சம் தட்டுகள், ஒவ்வோர் ஆண்டும். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம். அதோடு, சுழலும் தட்டுக்குப் பதில் நகரும் பாகமற்ற திண்மநிலைச் சேமிப்பகம் மடிக்கணினிகளில் வந்துவிட்டது. அதில் காந்தமே இல்லை. உங்கள் கடைக்கு வரும் தட்டுகள் ஆண்டுக்காண்டு குறைவதை நீங்களே கண்டிருப்பீர்கள். ஆகவே வன்தட்டை நம்பி இங்கே காந்த ஆலை என்பது எனக்குச் சாத்தியமாகத் தோன்றவில்லை.

வேறு ஊற்றுகள் உண்டு. 2010களின் தொடக்கத்தில் வரிச்சலுகையோடு பெருமளவில் வந்திறங்கிய ஹைபிரிட் கார்கள் முதுமையை எட்டியிருக்கின்றன. 2020 மார்ச்சில் தொடங்கி ஐந்தாண்டுகள் நீடித்த வாகன இறக்குமதித் தடையால் அவை வழக்கத்தைவிட நீண்டகாலம் ஓடின. இனி அவை கூட்டமாக ஓய்வுபெறும். இன்வேர்ட்டர் குளிரூட்டிகளின் கொம்பிரசர்களிலும், அண்மையில் எழுந்த அடுக்குமாடிகளின் பற்சில்லற்ற மின்தூக்கி மோட்டார்களிலும், மின்சார ஸ்கூட்டர்களின் சில்லுக்குள்ளும் இக்காந்தங்கள் இருக்கின்றன. இவற்றைக் கழற்றுவதற்கான கைத்திறன், கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த மோட்டாரின் எந்தப் பூட்டு எங்கே இருக்கிறதென்று அங்குள்ளவர்களுக்குக் கைவிரல்களால் தெரியும். செல்வந்த நாடுகளில் கூலி மிகுதியால் அரவை இயந்திரத்தில் போடும் பொருளை இங்கே முழுதாகக் கழற்ற முடிகிறது. ஆகவே சுழற்சிப் பொருளாதாரத்தில் நமக்குரிய வேலை, என் மதிப்பீட்டில், கழற்றுவதும் வகைபிரிப்பதும் காந்தநீக்கம் செய்து சுத்தமாகச் சேர்த்து அனுப்புவதுமே. அதைத் தாழ்ந்த படியென்று எண்ணத் தேவையில்லை. மேலே கூறியபடி, சங்கிலி அறுந்துகிடப்பது அந்தக் கண்ணியில்தான்.

சட்டத்தையும் கூறவேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வகுக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, பட்டியலிட்ட கழிவைச் சேகரிக்கவும் களஞ்சியப்படுத்தவும் பதப்படுத்தவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். எல்லை தாண்டி அனுப்புவதாயின், நாடுகளுக்கிடையே கழிவு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் சர்வதேசப் பாசல் உடன்படிக்கை குறுக்கிடும். 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தானதோ அல்லாததோ, எல்லா இலத்திரனியல் கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்னனுமதி தேவை. ஆகவே காந்தங்களை ஏற்றுமதி செய்வது தனிக் கடையொன்றின் வேலையன்று; உரிமம் பெற்ற சேகரிப்பாளர் ஒருவர் ஊடாகவே நடக்கவேண்டும்.

உறுதியில்லாதவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலாவது, விலை. 2010இல் சீனா, ஜப்பான் இடையே கடற்பிணக்கு எழுந்து அருமண் ஏற்றுமதி தடைப்பட்டபோது விலை வானத்துக்கு ஏறி 2011இல் உச்சத்தைத் தொட்டு, பின்பு சரிந்தது. அந்த ஏற்றத்தை நம்பி, சொல்வே நிறுவனம் பிரான்சில் பழைய ஒளிர்விளக்குகளின் பொடியிலிருந்து அருமண்ணை மீட்கும் பணியை 2012இல் தொடங்கியது. தொழில்நுட்பம் நன்றாகவே இயங்கியது. ஆயினும் விலை வீழ்ந்ததாலும், எல்.ஈ.டி. விளக்குகள் வந்து அந்தப் பொடிக்கே தேவை குறைந்ததாலும் 2016இல் அதை நிறுத்தவேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்புரோசியம், டெர்பியம், சமாரியம் உள்ளிட்ட ஏழு அருமண்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபின் மீண்டும் அதே பரபரப்பு. இம்முறை அது நிலைக்குமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முக்கிய மூலப்பொருட்கள் சட்டம், 2030க்குள் உபாய மூலப்பொருட்களின் ஆண்டு நுகர்வில் 25 சதவீதத்தை மீள்சுழற்சி மூலம் பெறுவதை இலக்காக வைத்திருக்கிறது. பொருளுக்குள் எவ்வகைக் காந்தம் இருக்கிறதென்று குறிப்பிடவும் அது வழிசெய்கிறது. விலை விழுந்த காலத்திலும் மீள்சுழற்சி தாக்குப்பிடிக்க இத்தகைய சட்டப்பிடி ஒன்றே உதவும் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது, காந்தத்தின் சேர்மானமே மாறிவருகிறது. ஹோண்டா 2016இல் கனத்த அருமண் சேராத காந்தத்தை ஹைபிரிட் மோட்டாரில் பயன்படுத்தியது. டொயோட்டா 2018இல் நியோடைமியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக மலிவான லந்தனத்தையும் சீரியத்தையும் சேர்த்த காந்தத்தை அறிவித்தது. இன்று கழற்றும் மோட்டாரில் டிஸ்புரோசியம் இருக்கிறதென்பதால் பத்தாண்டுகள் கழித்துக் கழற்றுவதிலும் இருக்குமென்று கணக்கிட முடியாது.

புல்மோட்டையைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அங்குள்ள கனிய மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சேர்கோன் ஆகியவற்றோடு மொனசைட்டும் உண்டு. பேருவளைக் கரையிலும் உண்டு. மொனசைட்டு அருமண் தாதுதான். ஆனால் அதனுள் கதிரியக்கத் தோரியமும் சேர்ந்தே இருக்கிறது. இலங்கை மண்ணின் தோரியம் புதிய செய்தியன்று. கொழும்பில் பிறந்து, இந்நாட்டின் கனிய ஆய்வுப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் தோரியனைட்டு என்ற கனிமத்தை வெளிப்படுத்தியதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். கலை வரலாற்றாளராக மட்டுமே அவரை நினைவுகூருகிறோம். தாதுவைப் பிளந்தால் தோரியத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி முதலில் வரும். அடுத்து, தாதுவில் வேண்டாத சீரியமும் லந்தனமுமே மிகுதி. பத்துக்கு மேற்பட்ட மூலகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க நூற்றுக்கணக்கான கரைப்பான் தொட்டிகள் வரிசையாக வேண்டும். காந்தக் கழிவில் தோரியம் இல்லை. தேவையான மூன்று நான்கு உலோகங்களை வேறெவரோ ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். கழிவைக் கிளறுவானேன் என்ற கேள்விக்கு இதுவே விடை.

இறுதியாக உங்கள் 12 கிலோகிராமுக்கு வருகிறேன். ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த கருநிறக் காந்தங்கள் அதில் கலந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெரும்பாலும் அவை பெரைட்டு, இரும்பு ஒட்சைட்டால் ஆனவை, அருமண் சிறிதும் இல்லாதவை. ஐயமிருந்தால் நிறுத்துப் பாருங்கள்: ஒரே பருமனில் பெரைட்டைவிட நியோடைமியக் காந்தம் ஒன்றரை மடங்கு கனக்கும். வன்தட்டைத் திறக்க நட்சத்திர முனைத் திருப்புளி போதும். காந்தம் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைச் சுத்தியலால் அடிக்கவேண்டாம். இரண்டு குறடுகளால் தகட்டின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல வளைத்தால் பசை விட்டுக் காந்தம் தானே எழும்பும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். இரண்டு காந்தங்கள் பாய்ந்து மோதினால் கண்ணாடிச் சில்லுபோலத் தெறிக்கும். அரைக்கவோ துளையிடவோ கூடாது, ஏனெனில் அதன் நுண்தூள் காற்றில் தானாகப் பற்றியெரியும். நான் பயின்ற ஆய்வுகூடத்தில் அரவைச் சேற்றை உலரவிட்ட தட்டொன்று இரவில் எரிந்து மேசையையும் கருக்கியது. இதய முடுக்கி பொருத்தியவர்கள் அருகே வரக்கூடாது. சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது. இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகள் நடுவே அகப்பட்டுத் துளைபடும்.

காந்தநீக்கத்துக்கு 350 பாகையளவில் சூடாக்குவது வழக்கம்; காந்தத்தின் கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை அகன்றுவிடும் வெப்பநிலை, 312 பாகைதான். ஆனால் பசையின் புகையை வெளியேற்றும் மூடிய சூளை இல்லாமல் அதை நீங்கள் செய்யவேண்டாம். சமையலறை அடுப்பில் ஒருபோதும் வேண்டாம். அதைவிட அவசரமான வேலை ஒன்றிருக்கிறது. உங்கள் கடை கடலிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. நிக்கல் பூச்சு உரிந்த இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் பட்டால், மணிகளுக்கிடையிலான நியோடைமியச் சுவர்தான் முதலில் அரிக்கும். சில மாதங்களில் காந்தம் சாம்பல்நிறப் பொடியாகும். அதன்பின் அது ஐதரசன் வழிக்கு உதவாது. ஆகவே பூச்சு முழுமையாக உள்ளவற்றை ஒரு டப்பாவிலும் உரிந்தவற்றை வேறொன்றிலும், இடையிடையே அட்டைத் துண்டு வைத்து, காற்றுப்புகாமல், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளோடு மூடிவையுங்கள். ஒவ்வொரு டப்பாவின் மேலும் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டளவில் செய்த கருவி என்று எழுதி ஒட்டுங்கள். வாங்குபவருக்கு அந்தத் துண்டுச்சீட்டு பல நாள் இரசாயனப் பகுப்பாய்வை மிச்சப்படுத்தும். பிறகு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம், சுற்றுப்பலகைகளோடு கலக்காமல், காந்தம் என்று தனியாக நிறுத்துக் கொடுங்கள். தனியாக விலை இல்லையென்று முதலில் சொல்வார்கள்; வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உங்களைப்போல் கடை வைத்திருக்கும் பத்துப்பேர் சேர்ந்து கொண்டுபோனால் பேச்சு மாறும். கார் மோட்டாரோ கொம்பிரசரோ கைக்கு வந்தால் திறக்கவேண்டாம். சுழலியோடு முழுதாகவே கொடுத்துவிடுங்கள்.